மாமியின் ஜன்னலுக்கு நான் போட்ட டபுள் கிளாஸ்

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவன் அந்த வீட்டில் எதில் வேண்டுமானாலும் கை வைக்கலாம். தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பூட்டலாம். கூரையில் ஏறி ஓடு மாற்றலாம். வேலியைக் கூட ஒரு முழம் தள்ளி நடலாம் (பக்கத்து வீட்டார் தூங்கும் நேரம் பார்த்து). ஜன்னலில் மட்டும், அதற்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார், அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று விசாரிக்காமல் கை வைக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அந்த நாட்களில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை போய்ச் சேருவான். நான் பாலாவிக்காரன், லாரித் தூசி தின்று வளர்ந்தவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சூட்கேசும் ஒரு தலையணையுமாக எத்தாளைக்கு, என் மனைவி ஸபீனாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். (தலையணையைப் பார்த்ததும் மாமி ஒன்றும் சொல்லாமல் புதிது ஒன்று வைத்துவிட்டார். நான் கொண்டுவந்தது பிறகு கோழி அடைகாக்கப் போனது.)

இடையில் ஆறு வருஷம் டோஹாவில் ஒரு கண்ணாடிக் கம்பனியில் வேலை செய்தேன். வானத்தைத் தொடுகிற கட்டிடங்களுக்கெல்லாம் எங்கள் கண்ணாடிதான். ஊருக்கு வந்ததும் என்னைக் "கண்ணாடி எஞ்சினியர்" என்று கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. அங்கே என் உண்மையான வேலை, கண்ணாடி அடுக்கிய மரப்பெட்டிகளில் "கவனம், உடையும்" என்ற ஸ்டிக்கரை ஒட்டுவது. ஆறு வருஷத்தில் ஒரு ஸ்டிக்கரைக் கூடக் கோணலாக ஒட்டியதில்லை. ஜன்னல் பற்றிய என் அறிவு அவ்வளவுதான்.

திரும்பி வந்து ஒரு த்ரீவீல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது மாமா, அதாவது என் மாமனார், மவ்த்தானார். மாமி இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்கும் காலம் அது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறு கொடுத்து முடியும்வரை வீடு நிறையச் சனம். முடிந்த மறுநாள் ஈ காக்கை இல்லை. மாமி பக்கத்து அறையில் தனியாக இருந்தார்.

அந்த அறையின் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மரக் கதவுகள், நடுவில் உப்புக் காற்றில் அரித்துப்போன கம்பிகள். ஒரு கதவு முழுதாக மூடாது. மற்றது முழுதாகத் திறக்காது. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மண்ணும் உப்பும் உள்ளே வந்து பாயில் படியும். கதவு அடித்துக்கொண்டே கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை துறுதுறுத்தது. மாமி அந்த ஜன்னலைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதை நான் அவருடைய பொறுமை என்று நினைத்தேன்.

இனி நான் சொல்லப் போவது அன்று எனக்குத் தெரியாது. நீங்களாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

மாமிக்கு ஒரே ஒரு ராத்தா, அதாவது அக்கா. ஸபீனா அவரைப் பெரியும்மா என்பாள், நானும் அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து, அவ்வளவுதான் தூரம். ஆனால் இருவரும் பதினொரு வருஷமாகக் கதைப்பதில்லை. காரணம் என் கல்யாணம். கல்யாணத்துக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லும்போது மூத்த ராத்தாவுக்கல்லவா முதலில் சொல்ல வேண்டும்? மாமி ஏதோ அவசரத்தில் நான்காவதாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். "நாலாம் ஆளா எனக்கு?" என்று தொடங்கியது, "இனி ஒன்ட வாசப்படி மிதிச்சா கேளு, அல்லாஹ் மேல சத்தியம்" என்பதில் போய் முடிந்தது. மாமியும் விடவில்லை. "ஒன்ட படிய நானும் மிதிக்க மாட்டன்" என்று பதில் சத்தியம் செய்தார். ஆக, நான் மாப்பிள்ளைக் கோலத்தில் குதிரை மாதிரி நின்ற அன்றே இந்தக் குடும்பத்தில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. ஸ்டிக்கர் ஒட்டத்தான் ஆளில்லை.

மாமா மவ்த்தான அன்று பெரியும்மா ஒழுங்கையிலேயே நின்று அழுதாராம். கத்தம் முடிந்த மூன்றாம் நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியின் ஜன்னலில் ஒரு தட்டல். மாமி எழும்பிப் பார்த்தால் ராத்தா. ஜன்னல் கழுத்தளவு உயரம் என்பதால் எங்கிருந்தோ ஒரு சீமெந்துக் கல்லைத் தூக்கிவந்து போட்டு, அதன் மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"சத்தியம் பண்ணினது படிக்குத்தானே" என்றாராம். "ஜன்னலுக்கு இல்லயே."

அதிலிருந்து தினமும் அஸருக்குப் பிறகு மஃரிப் பாங்கு சொல்லும்வரை கதை. உள்ளே மாமி கதிரையில், வெளியே பெரியும்மா கல்லின் மேல். நான் அந்த நேரம் பள்ளிவாசலுக்குத் தொழப் போய், அப்படியே த்ரீவீலை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஸபீனாவுக்குத் தெரியும். "ஒருத்தருக்கும் சொல்லாத புள்ள, கண் பட்டுரும்" என்று மாமி அவள் வாயைக் கட்டியிருந்தார். ஒருத்தர் என்பதில் நானும் அடக்கம்.

இந்த நிலையில்தான் எஞ்சினியருக்கு யோசனை வந்தது. மாமியின் அறைக்கு ஒரு ஏசி. ஏசி போட்டால் குளிர் வெளியே போகாமல் இருக்க ஒரு நல்ல ஜன்னல். இரண்டு கண்ணாடி, நடுவில் காற்று அடைத்தது. வெயிலின் சூடு உள்ளே வராது, குளிர் வெளியே போகாது, கரண்ட் பாதியாகும். மண் வராது, உப்பு வராது, சத்தம் வராது. முதலில் மாமியின் அறை, பிறகு வீடு முழுதும் என்பது என் திட்டம். அதோடு வெளிக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னும். பகலில் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பேணுதல் உண்டா? பள்ளியில் நாலு பேரிடம் சொன்னேன். "மருமகன் எண்டா இப்பிடி இரிக்கணும்" என்றார்கள். அன்று என் நெஞ்சு இருந்த அகலத்துக்கு அந்த ஜன்னலே போதாது.

ஸபீனாவிடம் "உம்மாட அறைக்குப் புது ஜன்னல் போடப் போறன்" என்றேன். "போடுங்க, நல்லந்தான்" என்றாள். பாவம், அவள் நினைத்தது ஜன்னல். ஜன்னல் என்றால் திறக்கும்தானே? திறக்காத ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வருகிற மனிதன் தன் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சிலாபத்திலிருந்து கண்ணாடி பொருத்தும் பாஸ்மார் இரண்டு பேர் வந்தார்கள். மாமியைப் பின்னறைக்கு மாற்றினோம். பழைய ஜன்னலை மூன்று அடியில் பெயர்த்தார்கள். பள்ளிவாசல்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் ஒருவர் "பலகை நல்லா இரிக்கே, எனக்குத் தாங்களேன்" என்றார். "எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கையை வீசினேன், ராஜா மாதிரி. புதிய கண்ணாடியைத் தூக்கி வைக்கும்போது மூத்த பாஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கைபிடியைத் தேடுகிறார் போலிருந்தது.

"அரின்ன ஓனே நெத்த மஹத்தயா?" என்றார். திறக்க வேண்டாமா ஐயா என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"திறந்தா குளிரெல்லாம் போயிடுமே பாஸ்" என்று சிரித்தேன். தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், வீட்டை ஒருமுறை பார்த்தார், "ஹரி", அதாவது சரி, என்று சொல்லி ஆணியை அடித்தார்.

ஏசியின் வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்று பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே, யாரோ அளவெடுத்துப் போட்ட மாதிரி ஒரு சீமெந்துக் கல் கிடந்தது. "இந்தா, அல்லாஹ்வே ஏற்பாடு செஞ்சு வெச்சிரிக்கான்" என்று அதன் மேல் தூக்கி வைத்தேன்.

மறுநாள் அஸருக்குப் பிறகு நடந்ததை இரண்டு பக்கத்திலும் விசாரித்து நான் பிறகு சேர்த்துக்கொண்டது இது. முந்தின நாள் ஆண்கள் வேலை செய்ததால் பெரியும்மா வரவில்லை. அன்று வந்தார். தான் ஏறி நிற்கும் கல்லின் மேல் ஒரு பெட்டி குந்தியிருந்து உர்ரென்று உறுமிக்கொண்டு அவருடைய இடுப்புக்கு நேரே சூட்டை ஊதியது. தங்கையின் ஜன்னல் இருந்த இடத்தில் தன்னுடைய முகம். தட்டிப் பார்த்தார். கூப்பிட்டுப் பார்த்தார். தன் முகமே தன்னைக் கூப்பிட்டது.

உள்ளே மாமி கதிரையில் காத்திருந்தார். ராத்தா வந்து நிற்பது பளிச்சென்று தெரிந்தது. வாய் அசைவது தெரிந்தது. மாமி கையைத் தூக்கிக் காட்டினார். ராத்தா நேரே மாமியின் கண்ணுக்குள் பார்த்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் வேலை முடிந்து வந்து, "எப்படி மாமி, குளிரா இருக்கா?" என்று கேட்டேன். மாமி என்னோடு நேராகக் கதைப்பது குறைவு. மருமகன் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று ஸபீனா மூலம் பதில் சொல்லும் பழைய மரியாதை. அன்றும் கதவுக்குப் பின்னால் இருந்து, "குளிர்தான் எண்டு சொல்லு புள்ள" என்றார். நான் சந்தோஷமாகச் சோறு தின்றேன்.

அடுத்த நாட்களில் என் ஜன்னல் ஊர்ப் புகழ் பெற்றது. மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி மீசை சீவினார். பக்கத்து வீட்டுச் சேவல் ஏசிப் பெட்டி மேல் ஏறி நின்று கண்ணாடிக்குள் இருந்த சேவலோடு காலை முதல் மாலைவரை சண்டை பிடித்தது, இரண்டும் தோற்கவில்லை. எல்லாரும் வந்து தங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமி உள்ளே உட்கார்ந்து அவர்களைப் பார்த்தார். பெரியும்மா மட்டும் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஸபீனா தாயிடம் கேட்டிருக்கிறாள், பெரியும்மாவை ஏன் காணவில்லை என்று.

"வந்தா புள்ள. என்ட கண்ணுக்குள்ள பார்த்தா. கை காட்டினன். மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போய்ட்டா" என்று சொல்லி மாமி அழுதாராம்.

ஸபீனா வெளியே வந்தாள். நான் த்ரீவீல் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இஞ்ச கொஞ்சம் வாங்க" என்று ஒழுங்கைப் பக்கம் கூட்டிப்போய்க் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள். "என்ன தெரியுது?"

"நான்."

"வேற?"

"எனக்குப் பின்னால வேலி. சேவல்."

"உம்மா எங்க?"

"உள்ள இருப்பா."

"தெரியுதா?"

"தெரியாது. அதுதானே இந்தக் கண்ணாடிட விசேஷமே" என்றேன் பெருமையோடு.

"விசேஷந்தான்" என்றாள் ஸபீனா. "பாருங்க, நல்லாப் பாருங்க. ஒங்களைத் தவிர ஒண்டும் தெரியுதில்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். படி, சத்தியம், ஜன்னல், கல். கல் என்றதும் நான் கீழே பார்த்தேன். என் ஏசிப் பெட்டி அதன் மேல் நிம்மதியாக உறுமிக்கொண்டிருந்தது. பதினொரு வருஷக் கோபத்தை ஒரு கிழவி ஒற்றைக் கல்லில் ஏறித் தாண்டியிருக்கிறார். நான் அந்தக் கல்லைப் பிடுங்கியிருக்கிறேன்.

உடனே பெரியும்மாவிடம் ஓடினேன். முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். கோபப்பட்டு ஏசுவார் என்று நினைத்தேன். கதிரை எடுத்துப் போட்டு, பிளேன்டீ ஊற்றித் தந்தார். அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

"பெரியும்மா, அந்தக் கண்ணாடி நான் போட்டது. மாமிக்கு ஒண்டும் தெரியாது. இத்தாவுல சூட்டில இருக்கிறாவே எண்டு..."

"நல்ல மருமகன்" என்றார் பெரியும்மா. "மாமிட பேரைக் காப்பாத்துறீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்."

"பொய் இல்ல பெரியும்மா, உண்மையாத்தான்! அவ ஒங்களைக் கண்டா, கையும் காட்டினா. ஒங்களுக்குத்தான் தெரியல்ல."

"நான் என்ன குருடா மகன்?"

வாயால் விளங்கப்படுத்த முடியாது என்று தெரிந்ததும் செய்து காட்டுவோம் என்றேன். (எஞ்சினியர் அல்லவா!) அவரை ஒழுங்கைக்குக் கூட்டிவந்து ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினேன். நான் ஓடி உள்ளே போய் ஏசியை நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். குதித்தேன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடினேன். தொண்டை கிழிய "பெரியும்மா! பெரியும்மா!" என்று கத்தினேன். மாமி கதவுக்குப் பின்னால் இருந்து "இவருக்கு என்ன புள்ள நடந்தது?" என்று கேட்டது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வெளியே பெரியும்மா கையைக் கட்டிக்கொண்டு தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மீன்காரரும் வந்து நின்று மீசையைச் சீவினார்.

மூச்சிரைக்க வெளியே வந்தேன். "கண்டீங்களா பெரியும்மா, தெரியல்லதானே?"

"நீங்க உள்ள போய் ஆடினீங்களா, படுத்துக் கிடந்தீங்களா எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. "அப்ப ஒருக்கா உள்ள வந்து நீங்களே பாருங்க" என்றேன். அவர் வாசல்படியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சத்தியத்தை முறிச்சா மூணு நோன்பு புடிச்சாப் போதும்தானே பெரியும்மா" என்று தயங்கிச் சொன்னேன்.

"ஒங்கட கண்ணாடிக்கு நான் நோன்பு புடிக்கவா?"

எனக்கு இன்னொரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருவதை அன்றே யாராவது மருந்து கொடுத்து நிறுத்தியிருக்கலாம். "மஃரிபுக்குப் பிறகு வாங்க. இருட்டினதும் உள்ள லைட் போட்டா அப்படியே மாறும். நீங்க மாமியைக் காணலாம்" என்றேன்.

"அவ என்னைக் காணுவாவா?"

"இல்ல. அப்ப அவவுக்கு அவட மொகம்தான் தெரியும்."

பெரியும்மா விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். "பகல்ல அவ என்னைக் காணுவா, நான் காண மாட்டன். இருட்டினா நான் அவளைக் காணுவன், அவ காண மாட்டா. ரெண்டு பேரும் ஒண்டா ஒருத்தரை ஒருத்தர் காண ஏலாத ஒரு சாமானுக்கு ஒங்கட டோஹாவுல என்ன பேர் மகன்?"

மீன்காரர் சீப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மெல்ல நழுவினார். பெரியும்மா தன் வீட்டுக்குப் போனார். படியில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இந்த முழங்காலோடுதான் கல்லைத் தூக்கிவந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஸபீனா ஓடி வந்தாள். "பெரியும்மா பேக்கைத் தூக்கிக்கிட்டுப் போறா. பாலாவிக்கு, மகன்ட வீட்டுக்காம். மருமகளுக்குப் பிள்ளை பிறக்கிற நாளாம்."

அது பொய் இல்லை, மருமகள் நிறைமாதம்தான். ஆனால் நாளுக்கு இன்னும் மூன்று வாரம் கிடந்தது.

நான் த்ரீவீலுக்குள் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்தேன். கண்ணாடியை உடைத்துவிட்டால் பெரியும்மா போகிற வழியில் பார்ப்பார், பார்த்தால் நம்புவார், நிற்பார். அதுதான் கணக்கு. மாமியை அறையிலிருந்து வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒழுங்கையில் நின்று ஓங்கி அடித்தேன். ஸ்பேனர் துள்ளி என் முட்டியில் பட்டது. கண்ணாடியில் கீறல் கூட இல்லை. ஆறு வருஷம் "உடையும், உடையும்" என்று ஊருக்கெல்லாம் ஒட்டினேனே, அது எவ்வளவு பெரிய பொய் என்று அன்றுதான் தெரிந்தது. நாலாம் அடியில் மூலையில் பட்டு வெளிக் கண்ணாடி கொட்டுண்டது, உப்பு மூட்டை பிரிந்த மாதிரி என் தலையில். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் உள்கண்ணாடி அப்படியே நிற்கிறது. அதிலும் மங்கலாக நான்தான் தெரிகிறேன், தலை நிறைய உப்போடு.

அதையும் உடைத்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. அது விழுந்ததும் அந்த அறைக்குள் வெளிச் சத்தம் மறுபடி நுழைந்தது. சேவல் கூவியது. காற்று இரைந்தது. பிறகு பெரிய ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்து, நின்று, புறப்படுகிற சத்தம்.

சந்திவரை சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தூசிதான் இருந்தது. த்ரீவீலை எடுத்துத் துரத்தியிருக்கலாம், பிடித்துமிருக்கலாம். பிடித்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அந்த நிற்றலை நினைத்து இன்றுவரை என்னை நானே ஏசுகிறேன்.

ஸபீனா போனில் எல்லாம் சொன்னாள். "சந்தோஷம் புள்ள" என்றாராம் பெரியும்மா. பிள்ளை பிறந்தது, பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் நாற்பது நாள் பார்க்க வேண்டும், வர இயலாது. ஸபீனா போனை மாமியிடம் நீட்டினாள். மாமி வாங்கவில்லை. "இது போன்ல சொல்ற கதை இல்ல புள்ள" என்றார். அது என்ன கதை என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

நான் பழைய ஜன்னலைத் தேடிப் பள்ளிவாசல்துறைக்குப் போனேன். அந்த மீன்காரர் அதை ஆட்டுக் கொட்டிலுக்கு அடித்திருந்தார். ஓர் ஆடு அதற்குள் தலையை விட்டு, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. அந்த ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது ஜன்னல் எதற்கென்று. கொட்டிலுக்கு வேறு பலகை வாங்கி நானே அடித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னலைக் கழற்றிக்கொண்டு வந்து பழைய இடத்தில் பொருத்தினேன். ஒரு கதவு முழுதாக மூடவில்லை, மற்றது முழுதாகத் திறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஏசியைக் கழற்றினேன். கல்லைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்தேன்.

மாமி தினமும் அஸர் தொழுதுவிட்டு ஜன்னலைத் திறப்பார். கதிரையைப் போட்டு உட்காருவார். மண்ணும் உப்பும் உள்ளே வரும். மஃரிப் பாங்கு சொன்னதும் எழும்பி மூடுவார். இத்தா முடியும்வரை இப்படித்தான். நான் அந்த நேரத்தில் த்ரீவீலில் ஹயர் போவதை விட்டுவிட்டேன். போய் என்ன, வீட்டில் இருந்து என்ன? அந்தக் கல்லில் நான் ஏறி நிற்க முடியாதே.

இத்தா முடிந்த அன்று மாமி குளித்து, தொழுது, வாசலுக்கு வந்தார். "எங்க போகணும் எண்டு உம்மாட்டக் கேளு" என்று ஸபீனாவிடம் சொன்னேன். மாமி என்னைப் பார்த்து நேராகவே, "பாலாவிக்கு மகன்" என்றார்.

ஸபீனாவும் மாமியும் பின்னால் இருக்க நான் ஓட்டினேன். உப்பளம் தெரிகிற இடத்தில் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. வேகத்தைக் குறைத்தேன். அப்போதுதான் மாமி கதைத்தார். பதினொரு வருஷத்தில் என்னோடு அவர் கதைத்த நீளமான கதை அது.

"மகன், ஒங்கட மாமா மவ்த்தான அன்னைக்கி லுஹருக்குப் பிறகு என்னோட கொஞ்ச நேரம் கதைச்சார். ராத்தாவுக்கு ஒரு சொல் சொல்லச் சொன்னார். நான் ஒடன சொல்லல்ல. எடுத்த எடுப்பிலேயே சொன்னா ரெண்டு பேரும் அழுதிருவம். மீன் விலை, முழங்கால் வலி, கோழிக் கதை எண்டு கொஞ்சம் கொஞ்சமா அதுக்குக் கிட்ட வந்துக்கிட்டிருந்தன். நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். மறுநாள்தான் பாஸ்மார் வந்தாங்க."

முன்கண்ணாடியில் மண் அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சொல் எனக்கு மறக்கல்ல மகன். அவர் சொன்ன விதம்தான் மறந்து போச்சு. தனிய இருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தன். ஒண்டும் அவர்ட குரல்ல வருதில்ல."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சும்மா சொன்னார். என்னை ஏசியிருந்தால் என் மனம் என்றோ ஆறியிருக்கும்.

பாலாவியில் மகன் வீட்டு வாசலில் பெரியும்மா, கையில் பேரப்பிள்ளையோடு நின்றார். மாமி படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது ஆர்ட படி?" என்று கேட்டார்.

"மகன்ட படி" என்றார் பெரியும்மா. "என்டது இல்ல. ஒன்டதும் இல்ல."

"அப்ப சரி" என்று மாமி ஏறினார்.

உள்ளே போய் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நான் வெளியே நின்றேன். அழுகை ஓய்ந்ததும் பெரியும்மாவின் குரல் கேட்டது, "அதுசரி, இவரை நீ எங்க புடிச்சாய்?" பிறகு மாமியின் சிரிப்பு. அதன் பிறகு ஒரு மணி நேரம் என் கதைதான் ஓடியது. நான் உள்ளே ஆடிய ஆட்டத்தை ஸபீனா நடித்துக் காட்டினாள் என்று நினைக்கிறேன். மாமா சொன்ன சொல்லை மாமி சொன்னாரா, எப்போது சொன்னார், தெரியாது. திரும்பி வரும்போது கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது பெரியும்மா எத்தாளைக்கு வந்துவிட்டார். படிச் சத்தியம் இன்னும் இருக்கிறது, இருவருக்கும் அதை விட மனமில்லை. அஸருக்குப் பிறகு ஜன்னலில்தான் கதை. நான் கல்லுக்கு இரண்டு படி வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். (என் எஞ்சினியர் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.) ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் எதை வாங்கி வந்தாலும், ஃப்ரிட்ஜ் ஆகட்டும், பிள்ளைகளின் ஸ்கூல் பேக் ஆகட்டும், போன மாதம் என் மச்சான் வாங்கிய வேன் ஆகட்டும், ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியும்மா எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்:

"தொறக்குமா?"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மாமியும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்து ஓய்ந்த பிறகு மாமி சில நேரம் எதையோ தனக்குள் சொல்லிப் பார்ப்பது போல உதட்டை அசைப்பார். ஒருமுறை, இரண்டு முறை. பிறகு இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, ராத்தாவின் பக்கம் திரும்பி மீன் விலை கேட்பார்.